கம்பி வீக்கா, பிடி வீக்கா: பால ஓரச்சுவருக்கு வந்த கண்ணாடி இழைக் கம்பியை சோதிச்ச ஒரு நிகழ்வு ஆய்வு

கனடாவுல ஒன்டாரியோ மாகாணத்துல ஒரு ஸ்ட்ரக்சுரல் லேப்ல நான் வேலை பார்த்தப்ப நடந்தது இது. லேப், கான்ட்ராக்டர், கம்பி சப்ளையர், பாலம் எதோட பேரும் இங்க வராது, ஆளுங்க பேரும் வராது. இந்தக் கண்ணாடி இழைக் கம்பியை (ஜிஎஃப்ஆர்பி) டெஸ்ட் பண்றவங்களுக்கும் அந்த ரிப்போர்ட்டை வாங்கிப் படிச்சு கையெழுத்து போடறவங்களுக்கும் உதவும்னு தான் ஆரம்பத்துலேருந்து எழுதறேன், எங்க தப்பையும் சேர்த்து.

பின்னணி

அந்த ஊர்ல பாலத்தை தின்னறது உப்பு தான். குளிர்காலம் முழுக்க ரோட்டுல பனி உறையாம இருக்க உப்பு கொட்டுவாங்க, அது கரைஞ்சு டெக் (வண்டி ஓடற மேல்தளம்) மேலயும் ஓரச்சுவர் அடியிலயும் ஊறி இரும்புக் கம்பி வரைக்கும் போயிடும். கம்பி துருப்பிடிச்சா ஊதும், ஊதினா மேல இருக்கற கான்கிரீட் கவர் தகடு தகடா பேந்து வரும். ஓரச்சுவருக்கு இதுல அடி ஜாஸ்தி, ஏன்னா பனி தள்ளற வண்டி உப்பும் பனியுமா குவிச்சு வைக்கறது அதோட காலடியில தான்.

எங்க கிட்ட வந்த வேலை ஒரு பழைய பாலத்தோட ஓரச்சுவர் ரெண்டையும் இடிச்சுட்டு புதுசா கட்டறது. டிசைனர் இரும்பை விட்டுட்டு கண்ணாடி இழைக் கம்பி போட்டிருந்தார். கண்ணாடி நூலை வினைல் எஸ்டர் ரெசின்ல முக்கி அச்சு வழியா இழுத்து, மேல மணல் ஒட்டி பண்ற கம்பி. துரு கிடையாது, எடை இரும்புல கால் பங்கு தான். 16 மிமீ கம்பியை ஆறு மீட்டர் நீளத்துக்கு ஒரு ஆள் தோள்ல சாதாரணமா தூக்கிட்டு போவார்.

இது புது விஷயமும் இல்ல. கியூபெக்ல ஷெர்புரூக் பல்கலைக்கழகத்துல 10 மீட்டர் நீளத்துக்கு ஓரச்சுவர் வார்த்து, அதுல 3 டன் எடையுள்ள பேரிக்காய் வடிவ இரும்பு குண்டை ஊசல் மாதிரி ஆட்டி மோத விட்டு, இரும்புக் கம்பி சுவரோட ஒப்பிட்டு பார்த்து 2003லயே வெளியிட்டாங்க. அடுத்த வருஷமே வால்-அலேன்ல நெடுஞ்சாலை 20 மேல இருக்கற பாலத்துல டெக்கும் சுவரும் இந்தக் கம்பியில கட்டினாங்க. டெக்சாஸ்ல 36 டன் டிரெய்லர் லாரியை மணிக்கு 80 கிமீ வேகத்துல 15 டிகிரி கோணத்துல மோத விட்டும் பார்த்திருக்காங்க. அதனால "இந்தக் கம்பி நிக்குமா"ங்கறது எங்க கேள்வி கிடையாது. இந்த லாட்ல (ஒரே தொகுப்பா வந்த சரக்குல) வந்த கம்பி நல்ல கம்பியா, இந்த சுவர்ல இவங்க வைக்கற விதத்துல வேலை செய்யுமா, இந்த ரெண்டு தான்.

இரும்புல பழகினவங்க ஒண்ணை மனசுல வெச்சுக்கணும். இந்தக் கம்பிக்கு இழுவை பலம் இரும்பை விட ரெண்டு மடங்கு வரைக்கும் இருக்கும், ஆனா விறைப்பு ரொம்ப கம்மி. விறைப்பைச் சொல்ற மாடுலஸ் இரும்புக்கு 200 கிகாபாஸ்கல், கனடா தரப்படி இதுக்கு கிரேடைப் பொறுத்து 40, 50, 60. அதே பளுவுக்கு மூணுலேருந்து அஞ்சு மடங்கு வரைக்கும் நீளும், விரிசல் அகலமா தெரியும். அத விட முக்கியமா, இதுக்கு ஈல்டு, அதாவது அறுபடறதுக்கு முன்னாடி இளகி நீளற நிலை, கிடையாது. இரும்பு 0.2 சதவீத நீட்சியில ஈல்டு ஆகி இழுத்து இழுத்து எச்சரிக்கை குடுத்துட்டு போகும், இது நேர்கோட்டுல ஏறி 2 சதவீதம் பக்கத்துல படார்னு போயிடும். வளைக்கணும்னா ஃபேக்டரியில ரெசின் இறுகறதுக்கு முன்னாடியே வளைச்சு தான் வரணும், சைட்ல வளைக்க வழியே இல்ல. அந்த வளைவுல பலம் நேர்க் கம்பியோட பலத்துல பாதி கிட்டக்க இறங்கிடும். இந்தக் கேஸ்ல பின்னாடி அந்த வளைவு தான் பேசுச்சு.

கம்பியை எப்படி இழுக்கறது

இரும்புக் கம்பியை மெஷின் தாடையில நேரா கவ்வி இழுக்கலாம், இதை முடியாது. நீளவாக்குல தான் நூல் இருக்கு, குறுக்கால அமுக்கினா தாங்கறது வெறும் ரெசின் தான். தாடையோட பல்லு பதிஞ்சா கம்பி அங்கயே நசுங்கி பலம் காட்டறதுக்கு முன்னாடியே போயிடும். அதனால ஏஎஸ்டிஎம் (அமெரிக்க தர அமைப்பு) டி7205 முறைப்படி ரெண்டு முனையிலயும் இரும்புக் குழாய் மாட்டி, குழாய்க்கும் கம்பிக்கும் நடுவுல கிரவுட் (இறுகிப் பிடிக்கற கலவை) ஊத்தி, மெஷின் அந்தக் குழாயை கவ்வற மாதிரி பண்ணுவோம். நடுவுல வெளிய தெரியற நீளம் கம்பி விட்டத்தைப் போல 40 மடங்காவது இருக்கணும்.

நாங்க ஊத்தினது விரிவடையற சிமெண்ட். கல் குவாரியில வெடி வைக்காம துளையில ஊத்தி பாறை பிளப்பாங்களே, அதே வகை பவுடர். தண்ணி கலந்து ஊத்தினா மெதுவா ஊதும், குழாய் விட்டுக் கொடுக்காததால அந்த அழுத்தம் முழுக்க கம்பி மேல திரும்பி சுத்தி வர ஒரே சீரா இறுக்கிப் பிடிக்கும். பல்லு மாதிரி ஒரு இடத்துல கடிக்காது, உள்ளங்கையால பிடிக்கற மாதிரி பிடிக்கும். ஆனா இந்த பவுடர் வெப்பநிலைக்கு ஏத்த மாதிரி தனித்தனி வகையா வரும், வெயில் காலத்துக்கு ஒண்ணு, குளிருக்கு ஒண்ணு. வெயில் வகையை குளிர்ல ஊத்தினா ஊதாது, குளிர் வகையை சூட்டுல ஊத்தினா குழாய்லேருந்து பீறிட்டு அடிக்கும், கண்ணுக்கு பாதுகாப்புக் கண்ணாடி போடாம பக்கத்துல நிக்கக் கூடாது.

ஜனவரி வாரம்: என்ன பார்த்தோம்

அந்த லாட்லேருந்து 16 மிமீ நேர்க் கம்பி அஞ்சு துண்டு எடுத்தோம். வைர பிளேடு போட்ட ரம்பத்துல தான் அறுக்கணும், இரும்பு மாதிரி கட்டர்ல வெட்டினா முனை பிரிஞ்சு நூல் நூலா நிக்கும். தூசிக்கு மாஸ்க், கைக்கு கிளவுஸ், இல்லாட்டி கண்ணுக்குத் தெரியாத கண்ணாடி சிலாம்பு விரல்ல ஏறி ரெண்டு நாளைக்கு நமநமன்னு குத்தும்.

முதல் மூணு துண்டு ரொம்ப நல்லா போச்சு. பளு ஏற ஏற மொதல்ல டிக் டிக்னு ஒண்ணு ரெண்டு நூல் அறுபடற சத்தம், அப்புறம் அது மழை மாதிரி சேர்ந்து, கடைசியில ஒரே வெடி. நடுப்பகுதி துடைப்பம் மாதிரி விரிஞ்சு கூண்டு முழுக்க வெள்ளை நூல். இப்படி நடுவுல துடைப்பமா விரிஞ்சா தான் அது கம்பியோட உண்மையான பலம்.

நாலாவது துண்டுல சத்தம் மாறுச்சு. டிக் டிக் வரல, கர்ர்ருன்னு ஒரு அரைக்கற சத்தம், பளு இறங்கி திரும்ப ஏறி திரும்ப இறங்கி ரம்பப் பல்லு மாதிரி ஒரு கோடு போட்டுச்சு. கம்பி அறுபடவே இல்ல, ஆனா எட்டின உச்சப் பளு மத்த மூணையும் விட ரொம்ப கம்மி. அஞ்சாவதும் அதே மாதிரி.

சாயங்காலமே அஞ்சு நம்பரும் கான்ட்ராக்டர் ஆபீசுக்கு போயிடுச்சு. அனுப்பினது நான் தான். கூட ஒரு வரி விளக்கம் எழுதாம வெறும் டேபிளை அனுப்பினேன், அது என் தப்பு. மறுநாள் காலையில சைட் இன்ஜினியர் லாட்டை ரிஜெக்ட் பண்ணணும்னு மெயில், சப்ளையர் லேப் தான் தப்புன்னு மெயில், ரெண்டு பேரும் ஒரே டேபிளை காட்டி தான் பேசறாங்க.

எண்ணலாமா விடலாமா

ரெண்டு துண்டுக்கு இவ்வளவு சண்டை ஏன்னா, இந்தக் கம்பிக்கு பலம் சொல்றப்ப சராசரி சொல்ல மாட்டோம். ஏசிஐ (அமெரிக்க கான்கிரீட் கழகம்) 440 முறையில சராசரியிலேருந்து திட்ட விலக்கத்தை (நம்பருங்க எவ்வளவு சிதறுதுங்கற அளவை) மூணு மடங்காக்கி கழிச்சு வர்றது தான் உத்தரவாத பலம். புரியறதுக்காக ஒரு கணக்கு போட்டுப் பாருங்க (இது எங்க ரிசல்ட் கிடையாது). நாலு துண்டு 1100, 1130, 1070, 1110 மெகாபாஸ்கல்னு வந்தா சராசரி 1102, விலக்கம் 25, உத்தரவாத பலம் 1027 பக்கம். அதோட ஒரே ஒரு 800 சேர்ந்துச்சுன்னா சராசரி 1042க்கு இறங்கறது பெரிசில்ல, விலக்கம் 137க்கு போயிடும், உத்தரவாத பலம் 631ல வந்து நிக்கும். ஒரு துண்டு வழுக்கினா ஒரு லாட்டே தோத்துடும்.

இதே கணக்குல தான் ஆபத்தும் இருக்கு. கம்மியா வந்த துண்டை எல்லாம் "அது வழுக்கிடுச்சு சார்"னு தூக்கிப் போட ஆரம்பிச்சா எந்த லாட்டும் பாஸாயிடும். அதனால நம்பரைப் பார்த்து எடுக்கக் கூடாது, உடைஞ்ச விதத்தைப் பார்த்து மட்டும் தான் எடுக்கணும்னு நாங்க மொதல்ல முடிவு பண்ணினோம். வழுக்கினதுக்கு ஆதாரம் கிடைச்சா அந்த ரெண்டும் செல்லாது, அதுக்கு பதிலா அதே லாட்லேருந்து புது துண்டு. ஆதாரம் இல்லாட்டி ரெண்டையும் எண்ணி லாட்டை தோக்க விடணும். இதை எழுதி, மெஷினை திரும்ப தொடறதுக்கு முன்னாடியே கான்ட்ராக்டருக்கும் சப்ளையருக்கும் அனுப்பினோம். முதல் நாள் நான் செஞ்ச தப்பை ஓரளவாவது சரி பண்ணினது இந்த மெயில் தான்.

குழாயை அறுத்துப் பார்த்தது

ஆதாரம் முதல்ல கிராஃப்லயே இருந்துச்சு, நான் தான் உச்சப் பளுவை மட்டும் பார்த்துட்டு மிச்சத்தை விட்டுட்டேன். கம்பி நடுவுல எக்ஸ்டென்சோமீட்டர் மாட்டியிருந்தோம், அது நடுப்பகுதி எவ்வளவு நீளுதுன்னு மட்டும் சொல்லும். மெஷினோட தலை எவ்வளவு நகருதுங்கறது தனியா பதிவாகும். நல்ல மூணு துண்டுல ரெண்டும் சேர்ந்தே ஏறியிருக்கு. நாலாவதுல பளு விழற ஒவ்வொரு தடவையும் மெஷின் தலை முன்னாடி போயிருக்கு, கம்பி நடுப்பகுதி சுருங்கியிருக்கு. தலை நகருது கம்பி நீளலன்னா குழாய்க்குள்ள தான் போயிருக்கணும், வேற இடமே இல்ல. இன்னொண்ணு, மாடுலஸ் கணக்கு 0.001லேருந்து 0.003 நீட்சி வரைக்கும் தான் எடுப்போம், அந்த எல்லையில அஞ்சு துண்டுக்கும் மாடுலஸ் ஒண்ணு போல இருந்துச்சு. மோசமான கம்பியா இருந்தா அங்கயே கொஞ்சமாவது வித்தியாசம் தெரிஞ்சிருக்க வாய்ப்பு உண்டு.

எங்க டெக்னீஷியன் யாழ்ப்பாணத்துக்காரர், அந்த லேப்ல எனக்கு ரொம்ப முன்னாடியே இருந்தவர், நான் அண்ணான்னு தான் கூப்பிடுவேன். அவர் கிராஃப் பக்கமே வரல, நாலாவது துண்டோட முனையை விரலால தடவிட்டு சொன்னார்: "தம்பி, கம்பி அறேல்லை. வழுக்கி வந்திட்டுது. மணல் உரிஞ்சு கிடக்குது பாருங்கோ. குழாயை நெடுக அறுத்துப் பாப்பம்."

அறுத்தோம். நாலாவது துண்டோட மேல்குழாயை நெடுக்க ரெண்டா பிளந்தப்ப உள்ள இருந்த கிரவுட் சாக்கட்டி மாதிரி இருந்துச்சு, நகத்தால கீறினா மாவா உதிருது. நல்லா உடைஞ்ச ரெண்டாவது துண்டோட குழாயையும் ஒப்பிட அறுத்தோம், அதுல உளி வெச்சு தட்டினாலும் கிரவுட் கம்பியை விடல, கம்பி மேல இருந்த மணலோட அச்சு அப்படியே பதிஞ்சிருந்துச்சு.

இப்ப ஏன்ங்கறது. அண்ணா தான் ஞாபகம் வெச்சிருந்தார், முதல் மூணை ஊத்தினப்ப ஸ்டாண்டு உள் ரூம்ல இருந்துச்சு, இடம் போதாம மத்த ரெண்டையும் லோடிங் கதவு பக்கம் வெச்சோம், அன்னிக்கு ராத்திரி ஒரு லாரி வந்து அந்த ஷட்டர் வெகு நேரம் திறந்து கிடந்துச்சு, வெளிய மைனஸ்ல குளிர். பவுடர் மூட்டையை எடுத்துப் பார்த்தா அது வெயில் கால வகை, கோடையில வாங்கினதுல மிச்சம். உள் ரூம்ல ஹீட்டர் இருந்ததால மூணு துண்டு தப்பிச்சுது.

புது வகை பவுடர் வரவழைச்சு, அதே லாட்லேருந்து புதுசா துண்டு எடுத்து, சப்ளையர் ஆளும் சைட் இன்ஜினியரும் பக்கத்துல நிக்க இழுத்தோம். எல்லாம் நடுவுல துடைப்பமா வெடிச்சுது. லாட் பாஸ். ரிப்போர்ட்ல வழுக்கின ரெண்டு துண்டோட நம்பரையும் கிராஃபையும் பிளந்த குழாயோட போட்டோவையும் நீக்காம அப்படியே சேர்த்தோம், "செல்லாது, காரணம் இது"ன்னு எழுதி.

சுவர்த் துண்டு

அதோட வேலை முடிஞ்சிருக்கணும். கான்ட்ராக்டர் இன்னொரு மாத்தம் கேட்டார்.

சுவரோட வாகனப் பக்க முகத்துல நிக்கற செங்குத்துக் கம்பி டெக்குக்குள்ள இறங்கி அடியில கொக்கியா வளையும். டிராயிங்ல அந்த கொக்கியோட வால் வெளிப் பக்கம், அதாவது பாலத்தோட விளிம்பைப் பார்த்து இருந்துச்சு. இரும்பை விட இந்தக் கம்பிக்கு வளைவு ஆரம் பெரிசா வேணும், விளிம்புல ஏற்கனவே கம்பி நெரிசல், பலகை அடிக்கறவங்களுக்கு கஷ்டம். அதனால வாலை உள்பக்கம் திருப்பிக்கறோம், கம்பி அதே, எண்ணிக்கை அதே, ஆழம் அதேன்னு கேட்டாங்க. கம்பி டெஸ்ட்ல பாஸான தெம்பு எல்லாருக்கும் இருந்துச்சு, "கம்பி தான் நல்ல கம்பின்னு தெரிஞ்சிடுச்சே"ன்னு மீட்டிங்ல ஒருத்தர் சொன்னார், அப்ப எனக்கும் அது சரின்னு தான் பட்டுச்சு. டிசைனர் மட்டும் ஒரு துண்டாவது வார்த்து தள்ளிப் பார்க்காம ஒத்துக்க மாட்டேன்னுட்டார். அவர் பிடிவாதம் பிடிச்சது நல்லதா போச்சு.

இது டிஎல்-5 சுவர், பெரிய லாரிக்கானது. அப்ப நாங்க பயன்படுத்தின கனடா பாலக் கோட்ல இதுக்கு பக்கவாட்டு பளு 210 கிலோநியூட்டன், 1.7 காரணியால பெருக்கினா 357, அது 2.4 மீட்டர் நீளத்துல பரவி டெக்குலேருந்து 990 மிமீ உயரத்துல தள்ளும். சுவர் நீளவாக்குல பளுவை பரப்பிக்கறதை கணக்குல எடுத்துட்டு, சுவர் அடியில தாங்க வேண்டிய வளைவு மொமென்ட் (சுவரை மடக்கப் பார்க்கற அளவு), ஒரு மீட்டர் நீளத்துக்கு, நடுப்பகுதியில 83 கிலோநியூட்டன் மீட்டர், சுவர் முடியற இல்ல ஜாயின்ட் வர்ற முனையில 102. முனையில ஒரு பக்கம் தான் துணை இருக்கும், அதான் கூட.

ஒரு மீட்டர் அகலத்துக்கு டெக் துண்டோட சேர்த்து சுவர் வார்த்தோம். வார்க்கறப்பவே ஒரு பாடம் கிடைச்சுது, இந்தக் கம்பி கான்கிரீட்டை விட லேசு, வைபரேட்டர் போட்டதும் டெக் மேல் கம்பி மிதந்து மேல வரப் பார்த்துச்சு. இரும்பை மாதிரி கீழ சேர் (கம்பியைத் தாங்கற குட்டி முட்டு) வெச்சா மட்டும் போதாது, மேல வராம கீழ இழுத்தும் கட்டணும்.

மூலையில விழுந்த விரிசல்

டெக்கை லேபோட கனமான சோதனைத் தளத்துல (ஸ்ட்ராங் ஃப்ளோர்) ராடு போட்டு இறுக்கி, 990 மிமீ உயரத்துல ஜாக் வெச்சு வாகனப் பக்கத்துலேருந்து வெளிப் பக்கமா தள்ளினோம். செங்குத்துக் கம்பியில நீட்சியை அளக்கற ஸ்ட்ரெயின் கேஜ் ஒட்டியிருந்தோம். முதல்ல சுவர் அடியில வாகனப் பக்கம் ஒரு படுக்கை விரிசல், எதிர்பார்த்தது தான், இரும்பு சுவர்ல வர்றதை விட அகலமா வாயைத் திறந்துச்சு. டெக் மேல் முகத்துலயும் ஒண்ணு. 83ஐ தாண்டினோம், ரூம்ல கொஞ்சம் மூச்சு விட்டாங்க.

அப்புறம் தான் துண்டோட பக்கவாட்டு முகத்துல, சுவரும் டெக்கும் சேர்ற இடத்துல, சரிவா ஒரு விரிசல் வந்துச்சு. டெக்கோட அடியிலேருந்து கிளம்பி சுவரோட வெளி முகத்தைப் பார்த்து ஏறுது. ஒவ்வொரு படி பளுவுக்கும் மார்க்கர்ல அதோட நுனியைக் குறிச்சுட்டே வந்தோம், மூணாவது குறியை போட்டுட்டு நான் கையை எடுக்கறதுக்குள்ள அது முழுக்க ஓடி முடிச்சு வெளிமூலைக் கட்டி தனியா கழண்டு நின்னுடுச்சு. பளு விழுந்துச்சு. 102ஐ தொடல.

கேஜ்ல கம்பியோட நீட்சியைப் பார்த்தா அதோட எல்லைக்கு பக்கத்துல கூட போகல. கம்பி சும்மா இருக்க மூலை போயிடுச்சு.

ஏன்னு யோசிச்சா ரொம்ப எளிமையான விஷயம். வெளிய தள்ளறப்ப சுவருக்கும் டெக்குக்கும் நடுவுல இருக்கற உள்மூலை விரியப் பார்க்குது, புத்தகத்தை விரிக்கற மாதிரி. சுவர்க் கம்பி மேல இழுக்குது, டெக் மேல் கம்பி உள்ள இழுக்குது, ரெண்டும் சேர்ந்து உள்மூலையை ஒரு பக்கமா இழுக்க வெளிமூலை அதுலேருந்து பிரிஞ்சு போகப் பார்க்கும். கொக்கியோட வால் வெளிப் பக்கம் இருந்தா அது அந்த வெளிமூலைக்கு அடியில கை கொடுத்து பிடிச்சுக்கும். உள்பக்கம் திருப்பினதும் வெளிமூலையில அதைப் பிடிச்சுக்க எதுவுமே இல்லாம வெறும் கான்கிரீட் மட்டும் நின்னுச்சு. இரும்பா இருந்தாலும் இது மோசமான டீடெயில் தான். இதுல ஈல்டும் இல்லாததால முன்னாடி எச்சரிக்கை குடுக்கறதுக்கு எதுவும் மிச்சம் இல்ல.

பளு விழுந்து கொஞ்ச நேரத்துக்கு யாரும் பேசல. அண்ணா பக்கத்துல வந்து பிரிஞ்சு நின்ன மூலையை டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு, "இதுவும் அந்தக் குழாய் மாதிரித்தான் தம்பி. கம்பி நல்லது, பிடிச்சிருக்க ஆளில்லை"ன்னார். ஜனவரியில நடந்ததையும் இதையும் அவர் ஒரே வாக்கியத்துல சேர்த்துட்டார், எனக்கு அது வரைக்கும் அது தோணவே இல்ல.

என்ன முடிவு, ஏன்

மூணு வழி மேசையில இருந்துச்சு. வாலை பழையபடி வெளிய திருப்பறது. கொக்கியே வேணாம்னு முனையில தலை வெச்ச கம்பி போடறது, டெக்சாஸ்ல லாரி மோத விட்ட சுவர்ல இருந்தது அந்த வகை. இல்ல, உள்பக்க வாலோட கம்பியை நெருக்கமா போட்டு பலத்தை ஏத்தறது. கான்ட்ராக்டருக்கு மூணாவது தான் சுலபம். அதை நாங்க எதிர்த்தோம், ஏன்னா தோத்தது கம்பி பத்தாததால இல்லையே, கம்பியை ரெண்டு மடங்காக்கினாலும் வெளிமூலையை பிடிக்க ஆள் வராது.

தலை வெச்ச கம்பி நல்ல தீர்வு, ஆனா இந்த சப்ளையர் கிட்ட கிடையாது, வேற இடத்துல வாங்கினா திரும்ப லாட் டெஸ்ட், சீசன் போயிடும். கோடையில தான் அங்க பால வேலை நடக்கும், அந்த நேரத்தை விட்டா இன்னும் ஒரு வருஷம் காத்திருக்கணும். அதனால வால் வெளிப் பக்கமே இருக்கட்டும், விளிம்பு நெரிசலுக்கு டெக் ஓரக் கம்பியை நகர்த்தி இடம் பண்ணலாம், முனைப் பகுதியில மட்டும் செங்குத்துக் கம்பியை நெருக்கமா போடலாம்னு டிசைனர் திருத்தினார். அதே அளவுல ரெண்டாவது துண்டு வார்த்து தள்ளிப் பார்த்த பிறகு தான் சைட்ல கம்பி கட்டணும்னு ஒரு நிறுத்தப் புள்ளியும் போட்டார்.

அப்புறம் நடந்தது

ரெண்டாவது துண்டு 102ஐ தாண்டிச்சு. அப்பவும் கடைசியில போனது மூலை தான், ஆனா ஒரே ஓட்டமா ஓடாம சின்னச் சின்ன விரிசலா பிரிஞ்சு நிதானமா போச்சு, வெளிமூலை கழண்டு விழல. சரிவு விரிசல் வந்த பிறகும் பளு ஏறிட்டே தான் இருந்துச்சு.

சைட்ல அந்த டீடெயில் போட்டு சுவரை முடிச்சாங்க. கம்பி கட்டறப்ப நான் ஒரு நாள் போயிருந்தேன். பிளாஸ்டிக் டை போட்டு கட்டிட்டு இருந்தாங்க, ஒரு இடத்துல ஏழெட்டு கொக்கியோட வால் உள்பக்கம் திரும்பியிருந்துச்சு, கட்டின பையனுக்கு காரணமே தெரியாது, எந்தப் பக்கம் சுலபமோ அந்தப் பக்கம் வெச்சிருக்கான். லேப்ல பிளந்த மூலையோட போட்டோவை போன்ல காட்டினேன், அவனே அவுத்து திருப்பிட்டான், மிச்ச வரிசையையும் போய் பார்த்துட்டு வந்தான்.

நடுவுல ஒரு வாரம் வண்டி தாமதமாகி கம்பிக் கட்டு வெயில்ல மூடாம கிடந்துச்சுன்னு தெரிஞ்சு தார்ப்பாய் போடச் சொன்னோம். புற ஊதாக் கதிர் ரெசினுக்கு ஆகாது.

இப்ப செஞ்சா என்ன மாத்துவேன்

உச்சப் பளு டேபிளை தனியா யாருக்கும் அனுப்ப மாட்டேன். உடைஞ்ச விதம், பளு-நகர்வு கிராஃப், போட்டோ மூணும் கூட இல்லாத நம்பர் லேப் வாசலைத் தாண்டக் கூடாது. எண்ணறதா விடறதாங்கற விதியை இழுக்கறதுக்கு முன்னாடியே எழுதி எல்லார் கிட்டயும் கையெழுத்து வாங்கிடுவேன், சண்டை ஆரம்பிச்ச பிறகு எழுதினா நாம எந்தப் பக்கம் சாய்ஞ்சோம்னு தான் பார்ப்பாங்க.

கிரவுட் மூட்டையில வாங்கின தேதியும் எந்த வெப்பநிலைக்கானதுங்கறதும் பெரிய எழுத்துல, ஊத்தின இடத்துல வெப்பநிலையைப் பதிவு பண்ற ஒரு சின்ன கருவி. அஞ்சு துண்டு வேணும்னா ஏழு எட்டு துண்டா ஊத்தி வைக்கறது, ரெண்டு போனாலும் திரும்ப ஆரம்பத்துலேருந்து வர வேண்டாம்.

வளைஞ்ச கம்பிக்கு தனி டெஸ்ட் கேட்கணும். ஏஎஸ்டிஎம் டி7957 வளைவுப் பகுதிக்கு தனியா வரம்பு வெச்சிருக்கு, நேர்க் கம்பிக்கு சொன்ன பளுவுல 60 சதவீதம். நாங்க முதல்ல நேர்க் கம்பியை மட்டும் இழுத்துட்டு லாட் பாஸ்னு சொன்னோம், சுவர்ல வேலை செய்யறதோ கொக்கி. அதே தரத்துல காரக் கரைசல்ல 60 டிகிரியில 90 நாள் ஊற வெச்சு பலம் 80 சதவீதத்துக்கு குறையாம இருக்கான்னு பார்க்கற டெஸ்டும் உண்டு, கான்கிரீட்டுக்குள்ள இருக்கற காரம் கண்ணாடியை அரிக்குமேங்கறதுக்காக. அதுக்கு சப்ளையர் சர்டிபிகேட் காட்டினார், ஏத்துக்கிட்டோம். இப்பவா இருந்தா வேலை கைக்கு வந்த முதல் வாரமே நாங்களும் ஒரு செட்டை தொட்டியில போட்டுடுவோம், 90 நாள் எப்படியும் சுவர் வார்க்கறதுக்கு முன்னாடி ஓடிடும்.

எங்க சுவர்த் துண்டுக்கு ஒரு எல்லை உண்டு, அதையும் சொல்லிடறேன். ஒரு மீட்டர் அகலத் துண்டை மெதுவா ஜாக்குல தள்ளினோம், லாரி அப்படி மோதாது, நிஜ சுவரும் ஒரு மீட்டரோட நிக்காது. ரெண்டு டீடெயில்ல எது நல்லதுன்னு ஒப்பிட இது போதும், சுவர் மோதலை தாங்கும்னு சான்று குடுக்க போதாது. ரிப்போர்ட்ல இதை முதல் பக்கத்துலயே போட்டோம்.

அடிபட்ட சுவரை ரிப்பேர் பண்றதை பத்தி அந்த வேலையில யாருமே பேசல. இரும்பா இருந்தா நெளிஞ்ச கம்பியை நிமித்தி ஒட்டுப் போடலாம், இதுல நெளியறதுங்கற பேச்சே இல்ல, உடைஞ்ச பகுதியை வெட்டிட்டு டெக்குல துளை போட்டு புதுக் கம்பியை எபாக்சி பசையில நட்டு தான் கட்டணும். அந்தத் துளையில கம்பி எவ்வளவு பிடிக்குங்கறதை தனியா இழுத்துப் பார்த்து, அந்த ஆழத்தை பால ஃபைல்லயே போட்டு வெச்சிருக்கணும்னு இப்ப நினைக்கறேன். பிளந்த ரெண்டு குழாயையும் அண்ணா தூக்கிப் போடல, அவர் பெஞ்சுக்கு மேல பக்கத்துல பக்கத்துல வெச்சிருந்தார், புதுசா வேலைக்கு சேர்றவங்க கையில ஆணியைக் குடுத்து ரெண்டையும் கீறிப் பார்க்கச் சொல்வார்.